பனிப்பாதையும் ஐந்தாம் கற்பனையும்



கொலை செய்யலாகாது என்பது ஐந்தாம் கற்பனை. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கிறவர்கள் பத்துக் கற்பனைகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கும்போது, இந்த ஐந்தாவதைப் பெரும்பாலும் நின்று யோசியாமலே கடந்துவிடுகிறார்கள். "நான் யாரையும் கொல்லவில்லையே" என்று மனச்சாட்சி உடனே விடை சொல்லிவிடுகிறது. கோபம், பகை என்று இரண்டொரு காரியம் நினைவுக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கனடா தேசத்திலே, மார்கழி தொடங்கிப் பங்குனி முடியும் வரை, நம்மில் அநேகர் அந்தக் கற்பனையின் விளிம்பிலே தினம் இரண்டு முறை பயணம் செய்கிறோம். காலையில் வேலைக்குப் போகையில் ஒரு முறை. மாலையில் வீடு திரும்புகையில் ஒரு முறை.

ஆகையால் இந்த வாரம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். பனி கொட்டிய நெடுஞ்சாலையில் ஒருவன் அசட்டையாகக் கார் ஓட்டுகிறான். கார் வழுக்கிச் சுழன்று, பிறகு தானாகவே நின்றுவிடுகிறது. யாருக்கும் காயமில்லை, வண்டியிலும் ஒரு கீறல் இல்லை. அவன் பாவம் செய்தானா, இல்லையா?

"ஒன்றும் நடக்கவில்லையே, பிறகென்ன பாவம்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்கு வேறுவிதமாகக் கற்பித்தவர் இறையியல் பேராசிரியர் அல்லர். நம்முடைய வயோதிபத் தாய்மாரில் ஒருவர். வெட்கத்தை விட்டு அந்தக் கதையைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மாலைப் பூசை முடித்துவிட்டு, கிழக்கே இன்னோர் ஊரில் ஏழு மணிப் பூசைக்குப் போகவேண்டியிருந்தது. கோவில் மண்டபத்தில் தேநீர் குடித்துக் கதைத்துக்கொண்டு நின்றதில் இருபது நிமிடம் போய்விட்டது. 401ஆம் நெடுஞ்சாலையில் ஏறியபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. வலப்பக்கத் தடத்தில் வண்டிகள் ஒன்றின்பின் ஒன்றாக மெதுவாகப் போயின. "சனங்கள் காத்திருப்பார்களே" என்று எண்ணி, இன்னும் பனி வாராத இடப்பக்கத் தடத்துக்கு மாறி வேகமாகப் போனேன். ஒரு பாலத்தின் மேல் கார் என் கைக்கு அடங்காமல் போயிற்று. ஒரு முறை முழுதாகச் சுழன்று, நடுச்சுவருக்கு ஒரு முழம் இருக்கையில், வந்த திசையைப் பார்த்தபடி நின்றது. எதிரே வரும் வண்டிகளின் விளக்குகள் தூரத்தில் தெரிந்தன. அந்தச் சில விநாடிகளில் என் பக்கத்துத் தடங்களில் ஒரு வண்டியும் இருக்கவில்லை. திருப்பிக்கொண்டு போய்ப் பூசை வைத்தேன்.

பிரசங்கத்தில் இதைச் சொன்னேன். "என் காவல் சம்மனசு என்னைக் காப்பாற்றினார்" என்றேன். சனங்கள் கைகூப்பினார்கள். சிலர் கண்ணீர் விட்டார்கள். பூசை முடிந்து வாசலில் நின்றபோது ஓர் அம்மா வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "சுவாமி, சம்மனசு உங்களைக் காப்பாத்தினது சரி. பின்னால வந்த சனங்களின்ர சம்மனசுகளுக்கு நீங்கள் ஏன் வேலை குடுத்தனீங்கள்?"

அன்றிரவு ஆத்தும சோதனை செய்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. நான் செய்த குற்றத்தைத் தேவ கிருபை என்னும் போர்வையால் மூடி, அதைப் பீடத்தில் நின்றே சாட்சியாகவும் சொல்லியிருந்தேன். அடுத்த முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதையும் சொன்னேன்.

இப்போது திருச்சபையின் போதகத்தைப் பார்ப்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ், தற்செயலாய் ஒருவனுக்கு மரணம் விளைவித்தவன் கொலைக் குற்றவாளியா என்று தம்முடைய பெரிய இறையியல் நூலில் ஆராய்கிறார். அவருடைய முடிவின் சாரம் இது: நியாயமான காரியத்தைத் தக்க கவனத்தோடு செய்கையில் அந்த மரணம் நேர்ந்தால் அவன்மேல் குற்றமில்லை. நியாயமான காரியமே ஆனாலும், தக்க கவனமின்றிச் செய்திருந்தால், கொலைக் குற்றத்திலிருந்து அவன் தப்பமாட்டான். அந்நாளில் மோட்டார் வண்டி இல்லை. அவர் கண்டதெல்லாம் குதிரையும் மாட்டு வண்டியும்தான். ஆனாலும் நம்முடைய 401ஆம் நெடுஞ்சாலைக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் வேறில்லை.

குருமடத்திலே ஒழுக்கவியல் படிக்கும்போது இன்னொன்றையும் கற்பிப்பார்கள். ஒரு விளைவை ஒருவன் நேராக விரும்பாதிருக்கலாம். ஆனால் அது வரக்கூடும் என்று முன்னறிந்தும் அதன் காரணத்தை மனதாரச் செய்தானாகில், அந்தக் காரணத்திலே அவன் விளைவையும் இச்சித்தவனாகிறான். குடிகாரன் வெறியில் செய்ததற்குப் பொறுப்பாளியாவது இதனாலேதான். வெறியில் அவனுக்குப் புத்தியில்லை. ஆனால் முதல் கிண்ணத்தை எடுத்தபோது இருந்தது. அப்படியே, கார் பனியில் சுழலும்போது ஓட்டுகிறவனுக்குச் சுயாதீனம் இல்லை. அவன் என்ன நினைத்தாலும் வண்டி கேளாது. ஆனால் அதற்குப் பத்து நிமிடம் முன்னே, வேகத்தை அழுத்தினபோது, அவனுக்குச் சுயாதீனம் இருந்தது. பாவம் நடந்த இடம் பாலம் அல்ல. அந்தப் பத்து நிமிடம் முந்திய இடம். சிலவேளை அது வீட்டு வாசல்; சிலவேளை, என் காரியத்தைப் போல, தேநீர் மண்டபம்.

இதிலிருந்து கேள்விக்கு விடை கிடைக்கிறது. அசட்டையாக ஓட்டி ஒருவனைக் கொன்றவனும், அதேபோல ஓட்டி ஒருவரையும் தொடாமல் வீடு சேர்ந்தவனும், மனதளவில் ஒரே காரியத்தைச் செய்தவர்கள். முதலாமவன் பக்கத்தில் ஒரு வண்டி இருந்தது. இரண்டாமவன் பக்கத்தில் இருக்கவில்லை. அந்த வித்தியாசம் அவர்கள் செய்த புண்ணியத்தாலோ பாவத்தாலோ வந்ததன்று. உலக நீதிமன்றம் விளைவைப் பார்த்துத் தண்டிக்கிறது. அது வேறு வழியறியாது. சர்வேசுரனோ இருதயத்தைப் பார்க்கிறார். தப்பித்தவன் அவருக்கு நன்றி சொல்லட்டும், நல்லதுதான். ஆனால் நன்றியோடு மனஸ்தாபமும் சேராவிட்டால் அந்த நன்றி அரைகுறையானது.

திருச்சபை இதைப் பெரிதாக எண்ணுகிறது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட, இக்கால உலகில் திருச்சபையைப் பற்றிய சாசனத்திலே, வேகக் கட்டுப்பாட்டு விதிகளை அலட்சியம் செய்கிறவர்கள் தங்கள் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து உண்டாக்குகிறார்கள் என்று 30ஆம் எண்ணில் கண்டிக்கப்பட்டிருக்கிறது. 1992இல் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேச நூல், குடிவெறியையும் வேகத்தின்மேல் உள்ள மோகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவற்றால் பாதையிலே உயிர்களை ஆபத்துக்குள்ளாக்குகிறவர்கள் கனமான குற்றத்துக்கு உள்ளாகிறார்கள் என்று 2290ஆம் எண்ணில் போதிக்கிறது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டுகிறவனை நாம் எல்லாரும் குறை சொல்லுவோம். பனியில் வேகமாக ஓட்டுகிறவனை, "கெட்டிக்காரன், பயமில்லாதவன்" என்று மெச்சுகிறோம். திருச்சபை அப்படி மெச்சவில்லை.

இனி, நம்மிடையே வழக்கமாகச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"எல்லாம் ஆண்டவர் சித்தம், சுவாமி. போகவேண்டிய நேரம் வந்தால் வீட்டிலிருந்தாலும் போவோம்." இது பக்தியைப் போலத் தோன்றுகிறது, உண்மையில் இது தலைவிதிக் கொள்கை. சர்வேசுரன் நமக்குப் புத்தியைத் தந்தது அவருடைய சித்தந்தான்; அதைப் பிரயோகிக்கவேண்டும் என்பதும் அவருடைய சித்தந்தான். பசாசு சேசுநாதரைத் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி, கீழே குதிக்கச் சொன்னபோது எதைக் காட்டிற்று? சங்கீதத்தையே காட்டிற்று. சம்மனசுகள் தாங்கிக்கொள்வார்கள் என்ற தேவ வாக்கையே காட்டிற்று. ஆண்டவரோ, சர்வேசுரனைச் சோதிக்கலாகாது என்று மறுத்துவிட்டார். நாம் படித்த பழைய ஞானோபதேசத்திலே இந்தக் குற்றத்துக்கு "மிஞ்சின நம்பிக்கை" என்று பேர். செபமாலையைக் கண்ணாடியில் தொங்கவிட்டு, அர்ச். கிறிஸ்தோப்பர் பதக்கத்தை முன்னாலே ஒட்டிவிட்டு, 120இல் பனியில் பறப்பது அந்தக் குற்றத்தைச் சேர்ந்தது. பதக்கம் நமது விவேகத்துக்குத் துணை. அதற்குப் பதில் அல்ல.

"சட்டம் 100 என்கிறதே." பலகையில் எழுதிய வேகம் நல்ல பாதைக்கும் நல்ல காலநிலைக்கும் உரிய உச்சம். பனி நாளில் அதற்கு அதிக தூரம் கீழே நிற்பதுதான் சட்டத்தின் கருத்தும்.

"என் வண்டி நாலு சில்லும் இழுக்கிற வண்டி." நாலு சில்லும் இழுப்பது புறப்படுவதற்கு உதவும், மேட்டில் ஏறுவதற்கு உதவும். நிறுத்துவதற்கு உதவாது. எல்லாக் கார்களுக்கும் நாலு சில்லிலும் பிறேக் உண்டு. பனியைப் பிடிப்பது ரயர் மட்டுமே.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 28 மீற்றர். மங்கள வார்த்தைச் செபத்தின் முதல் இரண்டு சொற்களைச் சொல்லி முடிப்பதற்குள் அவ்வளவு தூரம் போய்விடுவோம். அந்த வேகத்தில் பிறேக்கை அழுத்தினால், காய்ந்த பாதையில் வண்டி நிற்பதற்குச் சுமார் 55 மீற்றர் பிடிக்கும். இறுகிய பனியில் ஏறத்தாழ 200 மீற்றர். கண்ணாடி போன்ற ஐஸ் படலத்தில் 400 மீற்றர் வரை. ஆனால் ஆறுதலான கணக்கும் ஒன்று உண்டு. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், பிறேக் பிடித்து நிற்கும் தூரம் பாதியாக அல்ல, காற்பங்காகக் குறைகிறது. கொஞ்சம் பொறுமை செய்தவனுக்குச் சிருஷ்டியின் ஒழுங்கே நாலு மடங்கு பலன் தருகிறது.

"பின்னால் வருகிறவன் விடமாட்டேன் என்கிறான், விளக்கு அடிக்கிறான்." அவனுக்கு வழிவிட்டு விலகுங்கள். அவனுடைய அவசரத்துக்கு நீங்கள் கீழ்ப்படியக் கடமைப்பட்டவர்களல்லர். நமக்கு முன்னாலே போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவே விடும் வெற்றிடத்தைச் சிலர் வீணான இடம் என்று நினைக்கிறார்கள். அந்த வெற்றிடம் முகந்தெரியாத ஒருவருக்கு நாம் கொடுக்கும் தருமம். பிறர் சிநேகத்தை மீற்றரில் அளக்கக்கூடிய இடம் உலகத்தில் இருக்குமானால் அது இதுதான்.

"முப்பது வருஷம் ஓடுகிறேன், ஒன்றும் நடந்ததில்லை." இதற்கு மேலே விடை சொல்லியாகிவிட்டது. 2014ஆம் ஆண்டு மாசி மாதத்தில், பாரி நகருக்கு அருகே, 400ஆம் நெடுஞ்சாலையில் திடீரென்று பெய்த பனிச்சுழலில் தொண்ணூறுக்கு மேற்பட்ட வண்டிகள் ஒன்றோடொன்று மோதின. அந்த வண்டிகளை ஓட்டினவர்களிலும் பல வருஷ அனுபவசாலிகள் இருந்திருப்பார்கள். ஹூறன் ஏரியும் ஜோர்ஜியன் குடாவும் குளிர்காலத் தொடக்கத்தில் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். அவற்றின்மேல் வடக்கிலிருந்து குளிர்காற்று வரும்போது, அது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையில் ஒடுங்கிய பட்டியாகப் பனியைக் கொட்டுகிறது. ஒரு கிலோமீற்றருக்கு முன்னே வெயில். ஒரு கிலோமீற்றருக்குப் பின்னே ஒன்றும் தெரியாத வெள்ளை. அனுபவம் அங்கே கண்ணைத் தராது. வேகத்தைக் குறைக்கும் புத்தியைத்தான் தரலாம்.

கடைசியாக ஒரு நியாயம்: "போகாவிட்டால் சம்பளம் இல்லை, சுவாமி." இதற்கு நான் மற்றவற்றுக்குப் போல விடை சொல்லமாட்டேன். நம் பங்கிலே இரவு வேலைக்குப் போகிறவர்கள், தொழிற்சாலையில் அதிகாலை முறைக்குப் போகிறவர்கள், முதியோர் இல்லங்களில் பணிவிடை செய்கிறவர்கள், லொறி ஓட்டுகிறவர்கள், வீடுவீடாய்ச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளைகள் அநேகர். அவர்களுக்கு வீட்டில் இருக்கும் சுயாதீனம் எப்போதும் இல்லை. அவசியத்தினாலே போகிறவன், கூடிய கவனத்தோடே போனால், அவன்மேல் குற்றமில்லை. அவர்களுக்கு நான் சொல்வது: அரை மணி முன்னே எழும்புங்கள், கூடுமானால் பேருந்திலோ ரயிலிலோ போங்கள், பிந்தினால் பிந்துங்கள். குற்றத்தின் பாரம் இங்கே மற்றவர்கள் பக்கம் சாய்கிறது. புயல் நாளிலும் வேலையாளை வரச் சொல்லி நிர்ப்பந்திக்கும் முதலாளி, அந்த ஆபத்தில் பங்காளியாகிறான். நம்மவர்களிலும் முதலாளிமார் இருக்கிறார்கள். கணப்பறையில் இருந்துகொண்டு, சமைக்கச் சோம்பல்பட்டு, பனிப்புயலில் ஒரு பிள்ளையைச் சாப்பாட்டுப் பொதியோடு பாதைக்கு இறக்குகிற நாமும் அந்தப் பங்கிலிருந்து முழுதும் நீங்கினவர்களல்லர்.

இதே ஒழுங்கில் நம்முடைய சமூக வழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, கலியாண வரவேற்பு என்று சனி இரவுகளில் மண்டபம் நிறையக் கொண்டாட்டம் வைக்கிறோம். பனிப்புயல் எச்சரிக்கை வருகிறது. மண்டபத்துக்குக் காசு கட்டியாயிற்று, ஆகவே நிறுத்துவதில்லை. அழைக்கப்பட்டவர்களோ, "போகாவிட்டால் கோவிப்பார்கள், நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள்" என்று, பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நடுச்சாமத்தில் 401இல் வீடு திரும்புகிறார்கள். ஒரு குடும்பத்தின் உயிரைவிட ஒரு மனவருத்தம் பெரிதா? அழைக்கிறவர்கள் தாங்களே தொலைபேசி எடுத்து, "அண்ணை, பாதை சரியில்லை, இன்றைக்கு வராதேங்கோ, பிறகு வீட்டுக்கு வாங்கோ" என்று சொல்வார்களானால், அது அந்த விருந்தைக் காட்டிலும் பெரிய உபசாரம்.

பிறருக்கு இப்படிச் சொல்லுகிற நான் என் சொந்த வாசலையும் கூட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை காண்பது கடன். ஆனால் முடியாததைச் செய்ய ஒருவனும் கடமைப்பட்டவனல்லன் என்பது திருச்சபையின் பழைய விதி. கனமான காரணத்தால் பூசைக்கு வர இயலாதபோது வீட்டிலே குடும்பமாகச் செபிக்கும்படி திருச்சபைச் சட்டநூலும் 1248ஆம் விதியில் சொல்லுகிறது. ஆகையால் உங்கள் பங்குக்குருவானவராகச் சொல்கிறேன்: பாதை ஆபத்தானது என்று நேர்மையாய்க் கண்ட ஞாயிறுகளில் வீட்டில் இருங்கள். அது பாவமன்று, அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் தேவையில்லை. அன்றைய சுவிசேஷத்தை வாசியுங்கள், செபமாலை சொல்லுங்கள், ஞான நன்மை வாங்குங்கள். விசேஷமாக வயோதிபர்களே, உங்கள் பிள்ளைகளை, "என்னைக் கோவிலுக்குக் கொண்டுபோ" என்று அந்த நாளில் நெருக்காதீர்கள். கடைக்குப் போகப் பாதை நன்றாயிருந்து, கோவிலுக்கு மட்டும் ஆபத்தாய்த் தோன்றுமானால், அது வேறு கதை. அதை உங்கள் மனச்சாட்சி அறியும்.

புறப்படத்தான் வேண்டும் என்றால், சாவியைத் திருப்பும் முன்னே ஒரு சிறு ஆத்தும சோதனை செய்யுங்கள்.

1. இந்தப் பயணம் இன்றைக்கு அவசியமா? பாதை நிலைமையை 511 என்னும் மாகாணச் சேவையில் கேட்டேனா?

2. என் ரயர் குளிர்காலத்துக்கு உரியதா? மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் உள்ள அடையாளம் அதில் இருக்கும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் ரப்பர் இறுகிவிடும். பனி விழாத நாளிலும் பிடிமானம் குறையும். கியூபெக் மாகாணத்தில் பதிவான வண்டிகளுக்கு மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை இந்த ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 தொடக்கம் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கிடைக்கிறது. ஒரு தொலைபேசிக்குச் செலவழிக்கும் பணத்தை ரயருக்குச் செலவழிக்கக் கணக்குப் பார்க்கிறோமா?

3. கண்ணாடியில் சிறு துவாரம் மட்டும் சுரண்டிவிட்டுப் புறப்படுகிறேனா? கூரையில் உள்ள பனி முழுவதையும் தள்ளினேனா? நெடுஞ்சாலையில் அது பாளமாகப் பறந்து பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் விழும்.

4. பாலங்கள் முதலில் உறையும் என்று நினைவில் வைத்திருக்கிறேனா? அவற்றின் கீழும் மேலும் குளிர்காற்று ஓடுவதால் நிலத்தின் சூடு அங்கே கிடையாது. ஈரம்போலத் தோன்றும் கறுத்த பாதை, 'பிளாக் ஐஸ்' என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத ஐஸாக இருக்கலாம். பாதையில் போட்ட உப்பும் கடுங்குளிரில், பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகை அளவில், பலம் குன்றிவிடும். வேகத்தைத் தானாகப் பிடிக்கும் குறூஸ் கொன்றோலை இத்தகைய பாதையில் தொடாதீர்கள். வழுக்கினால் பதறி எதையும் அழுத்தாமல், காலை எடுத்து, போகவேண்டிய திசையைப் பார்த்து மெதுவாகத் திருப்புங்கள்.

5. நீல விளக்கு மின்ன, பனி வாரும் வண்டிகள் படிவரிசையாகப் போகும்போது பொறுமையாய்ப் பின்னால் போகிறேனா? பாதையோரத்தில் பொலிஸ் வண்டியோ, அம்புலன்சோ, இழுவை வண்டியோ விளக்கோடு நின்றால், வேகத்தைக் குறைத்து, கூடுமானால் மற்றத் தடத்துக்கு விலகுகிறேனா? இது ஒன்ராறியோவில் சட்டம். நம்முடைய அசட்டையால் வழுக்கி விழுந்த வண்டியை எடுக்க வந்து நிற்கிறவனுக்கும் மனைவி மக்கள் உண்டு.

6. வண்டியில் போர்வை, தண்ணீர், சிறு மண்வெட்டி, வெளிச்சம் இருக்கிறதா? பனியில் அகப்பட்டால் வண்டியை விட்டு இறங்கி நடவாதீர்கள். புகைக்குழாயின் வாயை மூடிய பனியை முதலில் அகற்றுங்கள். இல்லாவிட்டால் மணமற்ற நச்சுவாயு உள்ளே வந்து உறக்கத்திலேயே கொல்லும். யன்னலைச் சற்றே திறந்துவைத்து, மணிக்குப் பத்து நிமிடம் அளவாக மட்டும் எஞ்சினை ஓடவிடுங்கள்.

கடைசி ஆலோசனை வீண் பயமுறுத்தல் அல்ல. 2010ஆம் ஆண்டு மார்கழியில், சார்னியா நகருக்கு அருகே 402ஆம் நெடுஞ்சாலையில், முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் பனியில் மூடுண்டு ஒரு நாளுக்கும் அதிகமாகத் தங்கள் வண்டிகளிலேயே அகப்பட்டார்கள். இராணுவ ஹெலிகொப்டர்கள் வந்து மீட்கவேண்டியிருந்தது. அந்த நாளில் அக்கம்பக்கத்துக் கிராமத்தார் முன்பின் அறியாதவர்களைத் தங்கள் வீடுகளில் ஏற்றுச் சூடும் சாப்பாடும் கொடுத்தார்கள். நல்ல சமாரியனின் உவமையும் ஒரு பாதையிலே நடந்த கதைதான் என்பதை மறவாதிருப்போம்.

இதை வாசிக்கிறவர்களில் இரண்டு வகையினருக்குத் தனியே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தக்க கவனத்தோடு ஓட்டியும் விபத்துக்குள்ளாகி, அதில் ஒருவர் இறந்ததையோ ஊனமானதையோ வருஷக்கணக்காய் நெஞ்சில் சுமக்கிறவர்களே, அர்ச். தோமாஸ் சொன்னதன் முதற்பாகம் உங்களுக்குரியது. உங்கள்மேல் குற்றமில்லை. துக்கம் பாவமன்று, ஆனால் துக்கத்தைக் குற்றமாக எண்ணி உங்களையே வதைக்காதீர்கள். மற்றவர்கள், கவனக்குறைவினாலே பிறருக்குத் தீங்கு செய்தவர்கள். உங்களுக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கதவு திறந்திருக்கிறது. ஆனால் மன்னிப்போடு பரிகாரமும் உண்டு. 2007ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட, வாகனம் ஓட்டுவோருக்கான பத்துக் கட்டளைகளில் ஒன்று, விபத்தில் அகப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஆதரவு கொடுக்கச் சொல்லுகிறது. அந்த வீட்டு வாசலுக்குப் போகக் கூச்சமாயிருந்தால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.

விவேகம், நீதி, திடம், மட்டசனம் என்று நாலு தலையான புண்ணியங்களைச் சிறுவயதில் படித்தோம். அவற்றில் விவேகம் முதலாவது நிற்பதற்குக் காரணம் உண்டு. மற்ற மூன்றையும் அதுவே நடத்துகிறது. தாமதமாய் வந்து, "பாதை சரியில்லை, மெதுவாக வந்தேன்" என்று சொல்கிறவனை இனிமேல் யாரும் பகிடி பண்ணவேண்டாம். பிந்தி வந்த அவனுக்குப் பின்னாலே, அவன் முகத்தைக்கூட அறியாத எத்தனையோ பேர் சுகமாய் வீடு சேர்ந்திருக்கிறார்கள்.

நானும் இப்போது பூசைக்குப் பத்து நிமிடம் பிந்தி வரும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் செபமாலையைத் தொடங்கிவிடுங்கள். பாதையில் இருக்கிற எல்லாருக்காகவும் ஒரு பத்து மணி சொல்லுங்கள். என்னைக் கேள்வி கேட்ட அந்த அம்மா, முன்வாங்கில் இருந்து, அதை நடத்துவார்.

பிரயாணிகளுக்குத் துணையான தேவமாதா நம் எல்லாரையும், நம் பாதையில் வரும் அந்நியரையும், காப்பாராக.

உங்கள் பங்குக்குருவானவர்